முடிக்கு பிளாஸ்மா: கொட்டினது முளைக்குமா, நரைச்சது கருக்குமா?

மலர்_திண்டுக்கல் | 11 ஜனவரி 2025

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிக்க மட்டும்தான் வருவேன், எழுதறது இதுதான் முதல் தடவை.

எனக்கு 34 வயசு. போன அக்டோபர்ல டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன். பிளேட்லெட் 28 ஆயிரம் வரைக்கும் இறங்கி, அப்புறம் ஏறுச்சு. உடம்பு தேறி வேலைக்கும் போக ஆரம்பிச்சாச்சு. டிசம்பர் நடுவுல இருந்து முடி கொட்ட ஆரம்பிச்சுது. சீப்புல நாலு முடி வர்ற மாதிரி இல்லைங்க. தலைக்கு ஊத்தினா சல்லடை அடைச்சு தண்ணி கணுக்கால் வரைக்கும் நிக்குது. வகிடு விரிஞ்சு தோல் தெரியுது. காதுக்கு மேல முன்னாடியே கொஞ்சம் நரை உண்டு, மத்த முடி போனதுல இப்ப அதுதான் முன்னால தெரியுது. பொங்கலுக்கு ஊருக்குப் போகணும், சவுரி வைக்காம பின்ன முடியல.

ஒரு கிளினிக்ல காட்டினேன். தலையைப் பார்த்தாங்க, ரத்தப் பரிசோதனை எதுவும் கேட்கல. பிளாஸ்மா ஊசி ஆறு தடவை, ஒரு தடவைக்கு 6,500 ரூபாய்னு சொன்னாங்க. அதே ஊசியில நரையும் வேர்ல இருந்து கருத்து வரும்னாங்க. இந்தப் பக்கம் எங்க பெரியம்மா பையன் ஒரு பாட்டில் கொண்டு வந்து குடுத்திருக்கார். அதுக்குப் பேரு பிளாஸ்மா தண்ணி. காலையில ஒரு மூடி குடிக்கணும், ராத்திரி தலையில தெளிக்கணும். "ரெண்டும் ஒரே டெக்னாலஜிதான்மா, அவங்க ஊசியில ஏத்தறாங்க, நான் தண்ணியில தர்றேன்"ங்கறார். அண்ணன் நல்ல மனசோடதான் குடுத்தார், காசு கூட வாங்கல.

ரெண்டும் ஒண்ணுதானா? யாருக்காவது நரைச்ச முடி நிஜமா கருத்திருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

செல்வி_அக்கா | 11 ஜனவரி 2025

மலர், முதல்ல பயப்படாதம்மா. எனக்கு சிசேரியன் ஆகி மூணாம் மாசம் இதே கதைதான். பாப்பா கையில எல்லாம் என் முடி சுத்திக்கிட்டு கிடக்கும். ஒரு ஊசியும் போடல, ஒரு வருஷத்துல வந்துடுச்சு. காசு கட்டறதுக்கு முன்னாடி இங்க உள்ளவங்க சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணு.

---

லேப்_முருகன் | 11 ஜனவரி 2025

நான் பதினாலு வருஷமா லேப் டெக்னீஷியன். இப்ப நாலு வருஷமா ஒரு தோல் கிளினிக்குக்கு பிஆர்பி தயார் பண்ணிக் குடுக்கிறேன். அதனால என் கைபட்ட விஷயத்தை மட்டும் சொல்றேன்.

அவங்க பிளாஸ்மா ஊசின்னு சொன்னது பிஆர்பி. பிளேட்லெட் நிறைஞ்ச பிளாஸ்மான்னு அர்த்தம். உங்க கையில இருந்தே ரத்தம் எடுப்போம், இருபது முப்பது மில்லி. உறையாம இருக்க சிட்ரேட் போட்ட டியூப்ல பிடிச்சு சென்ட்ரிஃபியூஜ்ல சுத்த விடுவோம். சிவப்பணு கனம், அடியில உக்காந்துடும். மேல வைக்கோல் நிறத்துல பிளாஸ்மா நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெள்ளைப் படலம் வரும். பிளேட்லெட் எல்லாம் அந்தப் படலத்தை ஒட்டித்தான் இருக்கும். அதை நிதானமா எடுத்து, பல இடங்கள்ல ரெண்டாவது தடவையும் சுத்தி, கெட்டியாக்கித் தருவோம். சாதாரண ரத்தத்துல மைக்ரோலிட்டருக்கு ஒண்ணரை லட்சத்துல இருந்து நாலரை லட்சம் பிளேட்லெட் இருக்கும். நல்ல பிஆர்பியில அது பத்து லட்சத்தைத் தொடணும். அப்ப வேலை செய்யறது பிளேட்லெட்தாங்க, பிளாஸ்மா அதைச் சுமந்துட்டுப் போற வாகனம்.

காயம் பட்டா பிளேட்லெட் அங்க போய் ஒட்டி, வளர்ச்சிக் காரணிகள்னு சில புரதங்களைக் கொட்டும். ரத்தக்குழாய் வளரவும் செல் பெருகவும் அது சமிக்ஞை. அதையே முடி வேர்கிட்ட கொண்டு போய்க் குடுத்தா தூங்கற வேர் எழும்புமாங்கறதுதான் இந்த வைத்தியத்தோட அடிப்படை.

மனசுல பட்டதைச் சொல்லிடறேன். ஒரே பேர்ல இடத்துக்கு இடம் வேற வேற சரக்கு போகுது. எவ்வளவு வேகம், எத்தனை நிமிஷம், ஒரு சுத்தா ரெண்டு சுத்தா, எல்லாமே மாறும். கடைசியில வந்ததுல பிளேட்லெட் எத்தனைன்னு எண்ணிப் பார்க்கற இடம் ரொம்பக் கம்மி. எண்ணாம ஏத்தினா, ஏறினது பிஆர்பியா வெறும் பிளாஸ்மாவான்னு யாருக்கும் தெரியாது. அதைக் கேளுங்க. உங்களுக்கு டெங்குல இறங்கினது இந்நேரம் சரியாயிருக்கும், ஆனாலும் ஒரு சிபிசி, அதாவது ரத்த அணுக்களை எண்ணற டெஸ்ட், பார்க்காம ஊசிக்கு உக்காராதீங்க.

இன்னொண்ணு. முடிக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடறீங்கன்னா ரத்தம் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்திட்டு, லேப்லயும் சொல்லிடுங்க. தைராய்டு ரிசல்ட்டை அது தப்பாக் காட்டும்.

---

அறிவியல்_ஆசிரியர் | 12 ஜனவரி 2025

முருகன் சார் ரத்தத்தின் பிளாஸ்மாவைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் இன்னொரு பிளாஸ்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் குழப்பம் முழுக்க முழுக்கப் பெயரில் வந்தது.

வாயுவுக்குப் போதுமான ஆற்றல் கொடுத்தால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, மீதி அணுக்கள் அயனிகளாகிவிடும். அந்த நிலைக்கு 1928-இல் இர்விங் லாங்மியூர் பிளாஸ்மா என்று பெயர் வைத்தார். சூரியன், மின்னல், எரியும் டியூப் லைட்டின் உட்புறம் எல்லாம் அதுதான். ரத்தத்தில் இருக்கும் மஞ்சள் நீருக்கு அதற்கு வெகுகாலம் முன்பே அந்தப் பெயர் இருந்தது. பெயரைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அயனி பிளாஸ்மாவிலும் உண்மையான மருத்துவம் இருக்கிறது. தோலைச் சுடாத அளவுக்குக் குளிர்ச்சியாக அதை உண்டாக்க முடியும். ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரில் உள்ள லைப்னிட்ஸ் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த கின்பென் என்ற கருவி, பேனா அளவு முனையிலிருந்து ஆர்கான் வாயுவைக் குளிர் பிளாஸ்மாவாகப் பீய்ச்சுகிறது. 2013 முதல் ஐரோப்பாவில் ஆறாத புண்களுக்கு அது பயன்பாட்டில் இருக்கிறது. கிருமிகள் சாகின்றன, புண் ஆறுவது தூண்டப்படுகிறது. முடிக்கும் அதை முயன்று பார்க்கிறார்கள், ஆனால் அவை சிறிய, ஆரம்பநிலைச் சோதனைகள். அதை வைத்து ஒருவரிடம் காசு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலர் அவர்களே, உங்கள் அண்ணன் அந்தத் தண்ணீரை எப்படித் தயாரிக்கிறார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா? எதை வைத்துச் செய்தது என்று தெரிந்தால்தான் மேலே பேச முடியும். அதுவரை தயவுசெய்து குடிக்காதீர்கள்.

---

மலர்_திண்டுக்கல் | 12 ஜனவரி 2025

கேட்டேன் சார். செம்புக் கம்பியைச் சுருட்டி அடுப்புத் தீயில கருக்குவாராம். அதையும் ஒரு துத்தநாகத் தகட்டையும் ஒயர்ல சேர்த்து உப்புத் தண்ணியில ரெண்டு வாரம் போட்டு வைக்கணுமாம். அடியில வெள்ளையா கஞ்சி மாதிரி படியறதுதான் பிளாஸ்மாவாம். அதைக் கழுவி எடுத்து நல்ல தண்ணியில கலக்கறார். நான் மூணு நாள் குடிச்சுட்டேன்.

---

அறிவியல்_ஆசிரியர் | 12 ஜனவரி 2025

மூன்று மூடிக்கு ஒன்றும் ஆகிவிடாது, கவலைப்படாதீர்கள். நிறுத்திவிடுங்கள், போதும்.

நீங்கள் சொன்னது நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் செய்து காட்டும் மின்கலம். செம்பு ஒரு பக்கம், துத்தநாகம் ஒரு பக்கம், நடுவில் உப்புநீர். 1800-இல் வோல்டா உலகுக்குக் காட்டிய அதே சங்கதி. கம்பியில் படிந்த கறுப்பு, செம்பு ஆக்சைடு. துத்தநாகம் கரைந்து அடியில் தங்கும் வெள்ளைக் கஞ்சி பெரும்பாலும் துத்தநாக ஹைட்ராக்சைடு. பிளாஸ்மா ஒரு குவளைத் தண்ணீரின் அடியில் கஞ்சியாகப் படிந்து கிடக்காது. எலக்ட்ரானும் அயனியும் ஒரு நொடிக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மறுபடி சாதாரண வாயு ஆகிவிடும். சுவிட்சை அணைத்த டியூப் லைட்டில் என்ன நடக்கிறதோ அதுதான்.

அண்ணனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர் கண்ணால் பார்த்தது நிஜமான ஒரு வேதிவினை. அதற்கு யாரோ தப்பான பெயரைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

---

ராஜா_கரூர் | 13 ஜனவரி 2025

சார், மரியாதையோட மறுக்கறேன். எங்க மாமனாருக்கு 62 வயசு. இதே மாதிரி தண்ணியை நாலு மாசம் தினமும் தலையில தெளிச்சார். பஞ்சு மாதிரி இருந்த முடி பழுப்பாச்சு. டை அடிக்கிற ஆள் இல்ல அவர். நான் கண்ணால பார்த்தேன், வீட்ல எல்லாரும் பார்த்தோம். பாடப் புத்தகத்துல இல்லைங்கறதுக்காக நடந்ததை இல்லைன்னு சொல்ல முடியுமா?

---

ரொறன்ரோ_வதனன் | 13 ஜனவரி 2025

பிஆர்பி செய்விச்ச ஆள் எண்ட முறையில எழுதுறன். எனக்கு 41 வயது. அப்பாவுக்கும் மாமாமாருக்கும் உச்சி வழுக்கை. எனக்கும் 35க்குப் பிறகு உச்சியில மெலியத் தொடங்கினது. தோல் வைத்தியர் முதல்ல மினொக்சிடில் எண்ட முடி வளர்க்கிற மருந்து தந்தவர். தொடங்கின முதல் மாதம் இன்னும் கூடக் கொட்டினது, பயந்துபோனன். அது வழமைதான், பழைய முடி போய்ப் புதுசு வரும், நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொன்னவர். பிறகு மாதம் ஒண்டாய் மூண்டு பிஆர்பி, ஆறு மாதம் கழிச்சு இன்னுமொண்டு.

நோகும். மரக்கிற ஊசி போட்டும் நெத்திப்பக்கம் குத்தேக்க கண்ணால தண்ணி வந்தது. அண்டைக்கு இரவு தலை பாரமாய், வீங்கின மாதிரி இருந்தது. அடுத்த நாள் சரி.

பலன் இருந்ததோ எண்டால், இருந்தது. ஏழாம் எட்டாம் மாதம் எடுத்த படத்தை முதல் எடுத்ததோட வைச்சுப் பாத்தால் உச்சி அடர்த்தியாய்த் தெரியுது. அது மினொக்சிடிலாலயோ பிஆர்பியாலயோ எண்டு என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது, ரெண்டும் ஒண்டாய்ச் செய்தபடியால். முழு மொட்டையாய் இருந்த இடத்தில ஒண்டும் முளைக்கேல்ல. நரையைக் கேட்டியள் தங்கச்சி. கன்னத்துப் பக்கம் எனக்கு நல்ல நரை. நாலு தரம் ஊசி போட்ட பிறகும் அது நரைதான். உச்சியில புதுசாய் வந்ததிலயும் கொஞ்சம் வெள்ளையாய்த்தான் வந்தது.

---

தோல்_மருத்துவ_மாணவி | 14 ஜனவரி 2025

தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறேன். டியூட்டி முடிந்து இப்போதுதான் முழுவதும் படித்தேன், நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலர் அக்கா, நேரில் பார்க்காமல் நோய் இன்னது என்று சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய தேதிகளே பாதி பேசுகின்றன. தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருடம் வளரும், பிறகு மூன்று மாதம் போல ஓய்வெடுத்து உதிரும். சாதாரணமாக ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது கணக்கில் சேராது. கடும் காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை மாதிரி உடம்புக்கு அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை சேர்ந்து உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அக்டோபர் டெங்கு, டிசம்பர் உதிர்வு. செல்வி அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு நடந்ததும் இதே வகை. இதில் வேர் சாகவில்லை. தடுக்கிற காரணம் வேறு எதுவும் இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் உதிர்வது நின்று, புது முடி தானாகவே வரும்.

பிஆர்பி பெரிதும் ஆராயப்பட்டது வதனன் அண்ணாவுக்கு இருக்கும் பரம்பரை வழுக்கைக்குத்தான். அதிலும் முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பல சிறிய ஆய்வுகளில் அடர்த்தி கூடியது. 2016-இல் வெளியான, 26 பெண்களிடம் செய்த ஆய்வு ஒன்றில் வெறும் உப்புநீர் ஊசிக்கும் பிஆர்பிக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. முருகன் அண்ணா சொன்ன தயாரிப்பு வேறுபாடு இதற்கு ஒரு முக்கியக் காரணம். தானாகத் திரும்பி வரவேண்டிய முடிக்கு ஆறு ஊசி போட்டால், ஆறாம் மாதம் வளர்ந்து நிற்கும் முடிக்கு ஊசிதான் பெயர் வாங்கும். எனக்கு மனம் கொதிப்பது இந்த இடத்தில்தான். நம்பி வருகிற ஒருவரிடம் காய்ச்சல் வந்ததா, மாதவிலக்கு எப்படி, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று கேள்வி கேட்க ஐந்து நிமிடம் போதும்.

நரைக்கு வருகிறேன். முடிக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள், வேரின் ஒரு பகுதியில் இருக்கும் ஸ்டெம் செல்கள் என்ற மூல செல்களிலிருந்து வருகின்றன. அந்தக் கையிருப்பு தீர்ந்தால் அந்த வேர் வெள்ளை முடிதான் தரும். 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள்: கடும் மன அழுத்தத்தில் நரம்பு முனைகள் கொட்டும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் அந்த ஸ்டெம் செல்களை அவசரமாக முதிரவைத்துத் தீர்த்துவிடுகிறது. 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு, எலியின் முடி வேரில் இந்தச் செல்கள் இடம் மாற முடியாமல் சிக்கிக்கொள்வதும் நரைக்கு வழி என்று கண்டது.

மனிதனில் நரை திரும்பவே திரும்பாது என்றும் சொல்லிவிட முடியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 14 பேரின் முடிகளைத் துண்டு துண்டாக அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரே முடியில் நுனி வெள்ளையாகவும் அடி கருப்பாகவும் இருந்தவை கிடைத்தன. ஒருவருக்கு விடுமுறையில் இருந்தபோது ஐந்து முடி நிறம் திரும்பியது. ஐந்து முடி. எனக்கு அந்த ஆய்வு மிகவும் பிடிக்கும், ஆனால் அதைக் காட்டி ஊசி விற்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பி12 குறைவு, தைராய்டு கோளாறு இவற்றால் வரும் இளநரையில், குறையைச் சரிசெய்த பிறகு ஓரளவு கருத்தவர்கள் உண்டு. புழுவெட்டு மாதிரி வட்டமாகக் கொட்டும் நோயில் முதலில் வெள்ளையாக முளைத்துப் பிறகு கருப்பாவதைப் பார்த்திருக்கிறேன். "ஊசிக்குப் பிறகு வெள்ளை கருப்பாச்சு" என்று சொல்பவர்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாக இருக்கலாம். பிஆர்பி நரையைக் கருப்பாக்கும் என்று உறுதியாகச் சொல்ல இன்றைக்குச் சான்று இல்லை.

ராஜா அண்ணா, உங்கள் மாமனார் முடி நிறம் மாறியதை நான் நம்புகிறேன். உலோக உப்புகள் முடியின் மேல் படிந்தால் நிறம் மாறும். நீச்சல் குளத்துத் தண்ணீரில் செம்பு இருந்தால் வெளிர் முடி பச்சையாவது இதனால்தான். வெளிநாட்டில் காரீய உப்பு போட்ட தைலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நரையை மறைக்க என்று வெகுகாலம் விற்றார்கள். முடியில் இருக்கும் கந்தகத்தோடு உலோகம் சேர்ந்து கருப்பாகும். காரீயம் நஞ்சு என்பதால் 2018-இல் அமெரிக்காவில் அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற முடிவு செய்தார்கள். உங்கள் வீட்டில் நடந்தது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தெளிப்பதை நிறுத்தி ஒரு மாதம் கழித்து வேர்ப்பக்கம் பாருங்கள். நிறம் உள்ளிருந்து வந்ததென்றால் புதிதாக வளர்ந்த அடிப்பகுதியும் கருத்திருக்கும்.

குடிப்பதைப் பற்றி ஒன்று. துத்தநாகம் அளவுக்கு மிஞ்சி நாள்கணக்கில் உள்ளே போனால் குடல் செம்பை உறிஞ்சுவது குறையும். முடிக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதிக்குச் செம்பு கட்டாயம் வேண்டும். கருக்க வேண்டும் என்று குடிப்பது எதிர்ப்பக்கம் இழுக்கக்கூடும்.

பின்னாளில் யாராவது பிஆர்பி செய்துகொள்வதென்றால் சுத்தத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். டியூப்பில் உங்கள் பெயரை உங்கள் கண் முன்னால் எழுதச் சொல்லுங்கள், ஊசியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உரிமம் இல்லாத ஒரு அழகு நிலையத்தில் முகத்துக்கு இதே பிஆர்பி போட்டுக்கொண்ட பெண்களுக்கு எச்ஐவி தொற்றியது. 2018-இல் அது மூடப்பட்டது, முழு விவரமும் 2024-இல் அறிக்கையாக வந்தது.

அக்கா, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை) பார்த்துவிட்டு ஒரு தோல் மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனை தோல் பிரிவே போதும்.

---

மலர்_திண்டுக்கல் | 14 ஜனவரி 2025

மூணு தடவை படிச்சேன். டெங்குல எல்லாரும் பிளேட்லெட் பிளேட்லெட்னு சொல்லி, கொரோனா நேரத்துல பிளாஸ்மா தானம்னு கேட்டுக் கேட்டு, இந்த வார்த்தைகளைச் சொன்னாலே பெரிய வைத்தியம்னு மனசு நம்பிடுது. பணம் கட்டல. பொங்கல் முடிஞ்சதும் டெஸ்ட் எடுக்கறேன். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.

---

ராஜா_கரூர் | 23 பிப்ரவரி 2025

டாக்டரம்மா சொன்ன மாதிரி மாமனார்கிட்ட பேசி நிறுத்தச் சொன்னேன். அஞ்சு வாரம் ஆச்சு. இன்னைக்கு வெளிச்சத்துல உக்கார வச்சு விலக்கிப் பார்த்தேன். அடியில ஒரு சென்டிமீட்டருக்கு மேல சுத்த வெள்ளை. பழுப்பு மேலதான் இருக்கு. பார்த்ததைச் சொல்லணும்னுதான் வந்தேன். மீதி பாட்டிலைச் செடிக்குக் கூட ஊத்தாம எடுத்து வச்சிருக்கோம். ஆசிரியர் சார், அதை எப்படிக் கழிக்கறது?

---

அறிவியல்_ஆசிரியர் | 23 பிப்ரவரி 2025

சொல்ல வந்ததற்கு மிக்க நன்றி, ராஜா. கிணறு, குளம் பக்கம் ஊற்ற வேண்டாம், செம்பு மீன்களுக்கு ஆகாது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி வெயிலில் சுண்டவிட்டு, மிஞ்சும் பொடியைக் கவரில் கட்டிப் பேட்டரி, பல்பு போன்ற அபாயக் கழிவோடு தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மலர்_திண்டுக்கல் | 15 ஜூன் 2025

பதில் போடாம இருந்ததுக்கு மன்னிக்கணும். ஃபெரிட்டின் 11 இருந்துச்சு, பி12 உம் கம்மி. தைராய்டு சரியா இருந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் முடியை இழுத்துப் பார்த்து, கண்ணாடி வச்சுப் பார்த்து, இந்தத் தங்கச்சி சொன்னதையேதான் சொன்னாங்க. இரும்பு மாத்திரை சாப்பிடறேன், டீயோட சேர்த்து எடுக்கக் கூடாதுன்னாங்க, அதுவரைக்கும் அது எனக்குத் தெரியாது. பி12 ஊசி கொஞ்ச நாள் போட்டேன்.

மார்ச் கடைசியில உதிர்றது குறைஞ்சுது. இப்ப நெத்தியோரமும் வகிட்டோரமும் ரெண்டு விரக்கடை நீளத்துக்குக் குட்டி முடியா நட்டுக்கிட்டு நிக்குது, எண்ணெய் வச்சாலும் படியல. காதுக்கு மேல நரை அப்படியே இருக்கு, புதுசா முளைச்சதுலயும் மூணு நாலு வெள்ளை பார்த்தேன். சவுரியை எடுத்து பீரோவுல வச்சுட்டேன்.

அண்ணன்கிட்ட ராஜா அண்ணன் எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், பெரியம்மாவுக்கு முட்டிவலிக்கும் இதைத்தான் குடுத்துட்டிருக்கேன், நிறுத்திடவான்னு கேட்டார்.

---

லேப்_முருகன் | 15 ஜூன் 2025

நிறுத்தச் சொல்லுங்க. பெரியம்மா எத்தனை மாசமா குடிக்கறாங்கன்னு கேட்டு, ஒரு சிபிசி, செம்பு, துத்தநாகம் அளவு பார்க்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. உங்களுக்கு ஃபெரிட்டின் திரும்ப எப்ப பார்க்கச் சொல்லியிருக்காங்க?

---

மலர்_திண்டுக்கல் | 15 ஜூன் 2025

ஆகஸ்ட்ல. பெரியம்மாவை நாளைக்கே கூட்டிட்டுப் போறோம்.